ஆல்ப் துவேஸ்: சாலையிலும் திரையிலும்

பிரான்சின் தென்கிழக்கில், ரோமான்ஷ் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் பூர் துவாசான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஆல்ப் துவேஸ் என்ற பனிச்சறுக்கு ஊருக்கு ஏறும் சாலையின் நீளம் 13.8 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 8.1 விழுக்காடு. நூறு மீட்டர் முன்னே போனால் எட்டு மீட்டர் மேலே போயிருப்போம். வழியில் 21 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் இருப்பது 21-ஆம் வளைவு. ஏற ஏற எண் குறைந்துகொண்டே வந்து உச்சியருகே 1-இல் முடியும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் இங்கே முதலாவதாக வந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன.

1952-இல் டூர் முதன்முதலாக இந்த மலைமேல் வந்து முடிந்தபோது வென்றவர் இத்தாலியரான ஃபௌஸ்தோ கோப்பி. அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் ஒரு நாள் ஓட்டம் மலையுச்சியில் முடிந்ததும் அப்போதுதான் முதல் முறை. பிறகு 24 ஆண்டுகள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 1976-இல் பந்தயம் மீண்டும் வந்தது. அன்றிலிருந்து 1989-க்குள் நெதர்லாந்து வீரர்கள் எட்டு முறை வென்றார்கள். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத நாட்டுக்கு அது பெரும் பெருமை. பந்தய நாளில் 7-ஆம் வளைவு இன்றும் நெதர்லாந்து ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டைகளால் நிறைந்துவிடும். 2024 ஆகஸ்டில் பெண்கள் டூரின் கடைசி நாளும் இங்கேதான் முடிந்தது. உச்சியை முதலில் தொட்டவர் டெமி வோலரிங். ஆனால் எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது போலந்தின் காசியா நியெவியடோமா 4 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார்.

இந்தச் சாலைக்கு ஒரு நகல் உண்டு. ஸ்விஃப்ட் என்னும் சைக்கிள் செயலி வாட்டோபியா என்றொரு கற்பனைத் தீவை உருவாக்கி வைத்திருக்கிறது. 2018-இல் அந்தத் தீவில் ‘ஆல்ப் டு ஸ்விஃப்ட்’ என்ற மலைச்சாலையைத் திறந்தார்கள். அசல் சாலையின் ஜி.பி.எஸ். தரவுகளை வைத்து, வளைவுக்கு வளைவு ஒத்துப்போகும்படி அமைத்தது. நீளம் 12.2 கிலோமீட்டர், ஏறும் உயரம் 1,036 மீட்டர், சராசரிச் சரிவு 8.5 விழுக்காடு, அதே 21 வளைவுகள். அசலிலிருந்து இதைக் கழித்துப் பார்த்தால், விடுபட்டிருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சத்தின் சரிவு ஏறத்தாழ 5 விழுக்காடுதான் வருகிறது. அதாவது விட்டுப்போனது எளிய பகுதி. முதுகை முறிக்கும் பகுதி அப்படியே இருக்கிறது.

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஸ்மார்ட் ட்ரெய்னர் என்ற கருவியில் பூட்டி, எதிரே ஒரு திரையை வைத்துக்கொண்டால் எந்த ஊரின் எந்த அறையிலிருந்தும் இந்த மலையில் ஏறலாம். உலகம் முழுவதும் ஏராளமானோர் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் விமானம் ஏறிப் பிரான்சுக்குப் போய் அசல் சாலையிலும் ஏறுகிறார்கள். போய் வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இரண்டும் ஒன்றுதானா? மலையின் கணக்கை நகல் ஏறக்குறைய முழுமையாகவே செய்துவிடுகிறது என்பதுதான் நான் கண்டவரை விடை. வேறுபாடெல்லாம் ஏறுகிறவரின் உடலில் தொடங்குகிறது.

முதலில் மலையின் கணக்கு. ஏறுகிறவர் 65 கிலோ, சைக்கிள், உடை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோவை 1,100 மீட்டர் மேலே தூக்கப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை 8 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். மின்கட்டண அட்டையின் கணக்கில் இது கால் யூனிட்கூட இல்லை. ஆனால் அந்தக் கால் யூனிட்டைக் கால் தசைகளிலிருந்து எடுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒருவர் 200 வாட் திறனை விடாமல் பெடலில் செலுத்துகிறார் என்றால், டயரின் உராய்வு, காற்றின் தடை, சங்கிலியில் போகும் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்து உச்சியை அடைய ஏறத்தாழ 76 நிமிடம் ஆகும் என்று கணக்கு சொல்கிறது. வேகம் மணிக்கு 11 கிலோமீட்டருக்கும் குறைவு. 1990-களில் பந்தய வீரர் மார்க்கோ பந்தானி இதே மலையை ஏறிய நேரம் 37, 38 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊக்கமருந்து அந்தப் பந்தயங்களில் பரவிக் கிடந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த 76 நிமிடத்தில் சைக்கிளை எதிர்க்கும் விசையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புவியீர்ப்பின் பங்கு. சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நிலைமை நேர்மாறு; அங்கே உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடும். காற்றைக் கணக்கில் அடக்குவது கடினம். ஓட்டுகிறவர் முழங்கையை எவ்வளவு மடக்கியிருக்கிறார், சட்டை படபடக்கிறதா, எதிர்க்காற்று எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்பதையெல்லாம் செயலியால் அறிய முடியாது. புவியீர்ப்பிலோ இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. எடையும் சரிவும் தெரிந்தால் விசை தெரிந்துவிடும். அதனால் சமதளத்தை நகலெடுப்பதைவிட மலையை நகலெடுப்பது எளிது. ஒரே வாட், ஒரே எடை, ஒரே நீளம் என்றால் திரையில் ஆகும் நேரமும் சாலையில் ஆகும் நேரமும் மிக நெருங்கியே வரும்.

காற்று பலமாக வீசும் மலைகளில் மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். புரோவென்ஸ் பகுதியின் மோன் வான்தூ மலையில் 2016 ஜூலை 14 அன்று டூர் பந்தயம் உச்சிவரை போகவே முடியவில்லை. காற்றின் வேகத்தைக் கண்டு, முடிவுக்கோட்டைப் பல கிலோமீட்டர் கீழே ஷாலே ரேனார் என்ற இடத்துக்கு இறக்கினார்கள். வான்தூவுக்கும் ஸ்விஃப்டில் நகல் உண்டு. அங்கே காற்றுக்காக யாரும் பாதியில் நிறுத்தியதில்லை.

ட்ரெய்னர் என்னதான் செய்கிறது? அதற்குள் கனமான உலோகச் சக்கரம் ஒன்று இருக்கிறது. பெடல் மிதித்தால் அது சுழலும். அருகில் மின்காந்தம். காந்தப் புலத்தில் உலோகம் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். அவை அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். காந்தத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டினால் தடை கூடும், குறைத்தால் குறையும். நாம் எத்தனை வாட் செலுத்துகிறோம் என்பதைக் கருவி அளந்து செயலிக்கு அனுப்புகிறது. செயலி, நாம் பதிந்து வைத்த எடையையும் அந்த இடத்தின் சரிவையும் எடுத்துக்கொண்டு, இந்த வாட்டுக்கு இவ்வளவு வேகம் என்று சமன்பாட்டை ஒரு நொடியில் தீர்த்து, திரையில் இருக்கும் உருவத்தை அந்த வேகத்தில் நகர்த்துகிறது. சரிவு மாறும்போது காந்தத்துக்குச் செய்தி போகும், பெடல் கனக்கும்.

எடையைப் பதிகிறவர் நாமே என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன 65 கிலோக்காரர் 60 என்று பதிந்துவிட்டால் ஏறும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் குறைந்துவிடும். அசல் மலையில் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பல மாத உழைப்பு வேண்டும். இதனால்தான் மேல்மட்டத் திரைப் போட்டிகளில் வீரர்கள் எடைமேடையில் நின்று காணொளி எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்போது பலரும் அறியாத ஓர் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலியில் ‘ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி’ என்று ஒன்று உண்டு. சரிவின் எத்தனை பங்கைப் பெடலில் உணர வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நாமாக மாற்றாதவரை அது பாதியில்தான் நிற்கும். அப்படியென்றால் 10 விழுக்காடு ஏற்றம் காலுக்கு 5 விழுக்காடாகத்தான் தெரியும். ஏமாற்று வேலையாகத் தோன்றும். ஆனால் நேரத்தில் இது எந்தச் சலுகையும் தருவதில்லை. திரை உருவத்தின் வேகத்தைச் செயலி எப்போதும் முழுச் சரிவுக்கே கணக்கிடுகிறது. அதே 200 வாட்டுக்கு அதே 76 நிமிடம்தான்.

மாறுவது கியர். முன்னே 34 பல், பின்னே 28 பல் உள்ள சக்கரத்தில் சங்கிலி இருக்கிறது என்போம். மலையேறுவதற்குப் பொதுவாகப் பயன்படும் சிறிய கியர் இது. ஒரு சுற்றுப் பெடலுக்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும். ஆல்ப் துவேஸின் முதல் இரண்டு கிலோமீட்டர், லா கார்ட் குக்கிராமம் வரைக்கும், 10 விழுக்காட்டைத் தாண்டிய சரிவு. அங்கே இந்தக் கியரில், 75 கிலோவோடு, 200 வாட் கொடுத்தால் பெடல் நிமிடத்துக்கு 60 முறைதான் சுற்றும். 150 வாட் கொடுத்தால் 46. இன்னும் குறைத்தால் ஒவ்வொரு மிதியும் படி ஏறுவதுபோல முழு உடல் எடையையும் கேட்கும். முழங்கால் வலிக்கத் தொடங்கும். ஒரு கட்டத்தில் வண்டி நிமிர்ந்து நிற்கும் வேகமே இல்லாமல் போகும். சாலையில் மலைக்கு இப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு. அதற்குக் கீழே பேரம் கிடையாது.

அறையில், டிஃபிகல்ட்டி பாதியில் இருக்கும்போது, அதே 200 வாட்டில் ட்ரெய்னரின் சக்கரம் மணிக்கு 17 கிலோமீட்டருக்கு உரிய வேகத்தில் சுழலும். திரையில் உருவமோ 9 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும். கியரைச் சற்றுக் கூட்டிக்கொண்டாலும் கால்கள் நிமிடத்துக்கு 90 சுற்று என்ற சொகுசான தாளத்தில் ஓடும். சோர்வு வந்தால் வாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். உருவம் மெதுவாகும், அவ்வளவே. மூச்சுக்கும் இதயத்துக்கும் இரண்டும் ஒன்று என்றாலும் தசைக்கும் மூட்டுக்கும் ஒன்றல்ல. மெதுவாக, கனமாக மிதிக்கும்போது ஒவ்வொரு மிதியிலும் தசை தர வேண்டிய விசை கூடும். வேகமாக மிதித்தே பழகிய கால், லா கார்டுக்கு முன்பே அந்நியமான வேலையைச் சந்திக்கிறது. அசல் மலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இந்த அமைப்பை முழு அளவுக்கு ஏற்றி வைத்துப் பழகுவதே நல்லது.

அறையில்தான் கடினம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் முழு நியாயம் இருக்கிறது. காரணம் வெப்பம்.

மனிதத் தசை எரிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்குதான் பெடலுக்குப் போகும். 200 வாட் பெடலில் தெரிய வேண்டுமென்றால் உடல் ஏறத்தாழ 900 வாட் எரிக்கிறது. மிச்சம் 700 வாட் வெப்பமாகிறது. அதை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே உடல் வெப்பநிலை ஏறத் தொடங்கும். உடலிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஒரு லிட்டர் ஆவியானால் 700 வாட்டும் கழிந்துவிடும் என்று கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை.

கொடியில் போட்ட ஈரத்துணியும் மூடிய அறையில் விரித்த ஈரத்துணியும் காயும் விதம்தான் இங்கேயும். மலையில் மணிக்கு 11 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கு மெதுவான வேகம். ஆனாலும் நொடிக்கு 3 மீட்டர் காற்று உடலைத் தழுவிக்கொண்டே போகிறது. தோலை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றை அது விலக்கி, உலர்ந்த காற்றைக் கொண்டு வருகிறது. அறையில் நம் உருவம் திரையில்தான் நகர்கிறது. நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். நம் வியர்வையே நம்மைச் சுற்றி ஈரப் போர்வையாகச் சூழ்ந்துகொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊரில், ஈரப்பதம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் மாதங்களில், இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். மேலே சுழலும் மின்விசிறி போதாது. தரையில் வைத்து மார்புக்கு நேராக அடிக்கும் பெரிய விசிறி ஒன்று வேண்டும். ட்ரெய்னருக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய கருவி இதுதான், திரைகூட அதற்குப் பிறகுதான்.

வெப்பம் கூடும்போது உள்ளே நடப்பது இது. உடலைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பி விடப்படுகிறது. வியர்வையாகப் போன நீரால் ரத்தத்தின் கனஅளவும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒரு துடிப்புக்கு அது வெளியேற்றும் அளவு சுருங்குகிறது; ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வாட் மாறாமலே இருக்க, இதயத் துடிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். 10-ஆம் வளைவில் வசதியாக இருந்த 200 வாட் 3-ஆம் வளைவில் மூச்சை முட்டும். பலர் அறையில் சாலையைவிடக் குறைந்த வாட்டையே எட்டுவதற்கு இது பெரிய காரணம்.

இன்னொரு காரணம், பூட்டிவைத்த சைக்கிள். மலையில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பவரைக் கவனித்தால், வண்டி இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து எழுவது தெரியும். வலது கால் அழுத்தும்போது வலது கை ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்கும். தோளும் முதுகும் அந்த மிதிக்குள் வந்து சேரும். ட்ரெய்னரில் சட்டம் அசையாது. எழுந்து நின்றாலும் கால்கள் தனியாகத்தான் உழைக்கும். சாலையில் ஒவ்வொரு சிறு குலுக்கலிலும் உடல் தன்னையறியாமல் இடம் மாறி அமர்ந்துகொள்ளும். அறையில் சீட்டின் அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். சற்றே ஆடும் பலகைகளையும், முன்பக்கத்தைத் தூக்கிச் சரிவைக் காட்டும் கருவிகளையும் இதற்காகவே விற்கிறார்கள். 8 விழுக்காடு என்பது கோணத்தில் நாலரைப் பாகைதான். ஆனால் அந்த நாலரைப் பாகையில் உடல் எடை பின்னால் நகர்கிறது, இடுப்பு வேறு விதமாக மடங்குகிறது, கீழ்முதுகு அதை ஒரு மணி நேரத்துக்குப் பின் நினைவுபடுத்துகிறது.

அறை கொடுக்காத ஒன்றும் உண்டு: மெல்லிய காற்று. ஆல்ப் துவேஸின் முடிவுக்கோடு 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. ஆக்சிஜனின் விகிதம் அதே 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறைந்ததால் ஒரு மூச்சில் உள்ளே வரும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றன. சும்மா நடந்து போகிறவருக்கு இது தெரியாது. முழு வீச்சில் ஏறுகிறவருக்குத் தெரியும். வியப்பு என்னவென்றால், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் இந்தப் பாதிப்பு முன்கூட்டியே, ஆயிரம் மீட்டருக்குக் கீழேயே தொடங்குகிறது. அவர்களுடைய இதயம் ரத்தத்தை மிக வேகமாக நுரையீரல் வழியே தள்ளுகிறது. நுண்குழாய்களைக் கடக்கும் அந்தக் கணநேரத்தில், அழுத்தம் குறைந்த காற்றிலிருந்து ஆக்சிஜனை முழுவதுமாக ஏற்றிக்கொள்ள ரத்தத்துக்கு நேரம் போதவில்லை. வாட்டோபியாவில் எவ்வளவு உயரம் ஏறினாலும் மூச்சில் வருவது நம் அறையின் காற்றுதான்.

வளைவுகளுக்கு வருவோம். சாலை தன்னைத்தானே மடித்துத் திரும்பும் இடத்தில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன. கடக்கும் தொலைவு மட்டும் வேறு. உள்விளிம்பின் ஆரம் 5 மீட்டர், வெளிவிளிம்பின் ஆரம் 12 மீட்டர், வளைவு ஏறும் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால், உள்ளே போகிறவருக்குச் சரிவு ஒன்பதரை விழுக்காடு, வெளியே போகிறவருக்கு நான்கு. களைத்துப்போன சைக்கிள்காரர் வெளிவிளிம்பைத் தேடிப் போவதும், அந்தச் சில நொடிகளில் பெடல் லேசாவதும், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதும் ஆல்ப் துவேஸில் இருபத்தொரு முறை நடக்கும். எதிரே கார் வந்தால் அந்த ஓய்வும் பறிபோகும். திரையில் நம் உருவம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. அங்கே வளைவு வேறொரு விதத்தில் உதவுகிறது: ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பதிந்து, முந்தைய ஏற்றத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்.

அந்த ஒப்பீட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அசல் மலையில் இன்றைய ஏற்றத்தையும் சென்ற ஆண்டின் ஏற்றத்தையும் நேர்மையாக ஒப்பிடவே முடியாது. வெயில், காற்று, முந்தைய இரவின் தூக்கம், முன்னே போனவரின் முதுகு என்று எல்லாம் மாறியிருக்கும். அறையில் மலை மாறுவதே இல்லை. மாறுவது நாம் மட்டும். அறிவியல் சோதனையில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொள்ளப் படாத பாடு படுவார்கள்; இங்கே அது வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு ஏறும் ஒருவருக்கு, சாலையின் பயமின்றிப் பயிற்சி செய்ய விரும்பும் ஒரு பெண்ணுக்கு, ஆறு மாதம் பனி மூடும் ஊரில் இருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

இப்படிச் சேர்த்த உடல்வலு சாலைக்குச் செல்லுமா? செல்லும். ஆஸ்திரேலியரான மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரியில் பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். சாலையில் ஓட்ட முடியாத வாரங்களை ட்ரெய்னரில் கழித்தார். ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். கல் பாவிய சாலைகளில் நடக்கும், சைக்கிள் உலகின் மிகக் கரடுமுரடான ஒரு நாள் போட்டி அது. 2020 டிசம்பரில் வாட்டோபியாவில் நடந்த முதல் உலக மின்விளையாட்டுச் சைக்கிள் போட்டியில் பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் ஆண்கள் பிரிவில் ஜெர்மனியின் ஜேசன் ஒஸ்போர்னும் வென்றார்கள். ஒஸ்போர்ன் அப்போது துடுப்புப் படகு வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி வாங்கிவிட்டுத்தான் தொழில்முறை சைக்கிளுக்கு வந்தார். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜே வைன். ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் 2020-இல் வென்று, அதன் பரிசாகவே ஒரு தொழில்முறை அணியில் இடம் பெற்றார். 2022-இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயமான வுவெல்ட்டாவில் மலையுச்சியில் முடியும் இரண்டு கட்டங்களை வென்று காட்டினார். இதயமும் நுரையீரலும் தசையும் எங்கே பயிற்சி பெற்றன என்று மலை கேட்பதில்லை.

ஆனால் உச்சியை அடைந்தபின் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏறும்போது சேர்த்த 8 லட்சம் ஜூலையும் இறங்கும்போது எங்காவது கொட்டியாக வேண்டும். 8 விழுக்காடு சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், காற்றின் தடையும் புவியீர்ப்பும் சமமாகும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 57 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டருக்கு இறக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் எட்டாயிரம் ஜூலுக்கு மேல் பிரேக்கில் வெப்பமாகும். எப்போது பிடிப்பது, முன் பிரேக்குக்கு எவ்வளவு, பின் பிரேக்குக்கு எவ்வளவு, பார்வையை எங்கே வைப்பது, வெளிக்காலை எப்படி அழுத்துவது, சரளைக் கற்கள் கிடந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் ஒன்றாகச் சேர்ந்து வர வேண்டிய பழக்கம். திரையில் உருவம் பிரேக்கே இல்லாமல் எல்லா வளைவையும் திரும்பிவிடுகிறது. ஓட்டுகிறவர் பெடலை நிறுத்திவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொள்ளலாம். நூறு முறை ஆல்ப் டு ஸ்விஃப்ட் ஏறியவரும் இறங்குவதில் ஒரு பாடத்தைக்கூடப் படித்திருக்க மாட்டார்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். உச்சியில் பள்ளத்தாக்கைவிட ஏழு பாகை செல்சியஸ் குறைவாக இருக்கும். சட்டை முழுக்க வியர்வை. உழைப்பு நின்றுவிட்டதால் உள்ளே 700 வாட் அடுப்பும் அணைந்துவிட்டது. எதிர்க்காற்றோ ஏறும்போது இருந்ததைப்போல் ஐந்து மடங்கு. விறைத்த விரல்களால் பிரேக்கைச் சீராகப் பிடிக்க முடியாது. அறையில் பயிற்சி செய்து ஆல்ப் துவேஸுக்குப் புறப்படுகிறவர் பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் உள்ள பற்சக்கரம் ஒன்றை மாட்டிக்கொள்ளட்டும். பயணத்துக்கு முந்தைய மாதங்களில் எந்த மலையிலாவது, சிறிய மலையானாலும் சரி, இறங்கிப் பழகட்டும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, உச்சியில் புகைப்படம் எடுப்பதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ளட்டும்.